உபதேசியார் கிழித்த பக்கம்

உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில், பாதிரியாருக்கு உதவியாக இருந்த அந்த உபதேசியாரைப் பார்த்தேன். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை, எந்நேரமும் கூப்பிய கைகள்.

நாடே ஆட்சியிலிருந்த ஒரு மனிதருக்குப் பயந்து, பத்திரிகைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்ட காலம் அது. கத்தோலிக்கத் திருச்சபையின் வாரப் பத்திரிகை மட்டும், பொலிஸ் கொண்டுபோய்த் திரும்பி வராதவர்களின் படங்களைத் துணிந்து போட்டது. ஞாயிறு பூசைக்கு முன் அதை விற்பது உபதேசியாரின் வேலை. கோடு போடும் அடிமட்டத்தை வைத்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தை அழகாகக் கிழித்துவிட்டுத்தான் விற்பார். அப்படிச் செய்யும்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்து, "ஐயா, எங்க மகன் படம் வந்திருக்குன்னாங்க" என்றார்.

"இந்த வாரம் போடலம்மா. ஜெபம் பண்ணுங்க."

உபதேசியாரின் காலடியில் கிடந்த, கிழித்த தாள்களில் ஒன்றை எடுத்து நான் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். மகன் முகத்தைக் கண்டதும் மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலுக்குள் போனார்.

"நீங்க பஸ் ஏறிப் போயிருவீங்க சார். நாங்கதானே இங்க இருக்கணும்" என்று உபதேசியார் என்மீது சீறினார். அந்த அம்மாவும் இங்கேதான் இருக்கிறார் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை.

பூசையில், துன்பப்படும் தாய்மாருக்காக மன்றாட்டு வாசித்தவரும் அவர்தான். குரல் தழுதழுத்தது, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. நடிப்பாக இருக்குமென்று உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதார். அந்த அழுகையை நான் இன்றும் மன்னிக்கவில்லை.