மெல்லக் குறைத்த வாயு

இண்டூர்க்காரர் குரு போர்வெல் வண்டி ஓட்டியவர். ஆந்திரா, மகாராஷ்டிரா என்று மாதக்கணக்கில் வெளியூரிலேயே கிடப்பார். மனைவி கோகிலவாணிக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது நாக்பூர்ப் பக்கம் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ரயிலேறி வந்து சேர்வதற்குள் காய்ச்சல் நிமோனியாவாக முற்றிவிட்டது. தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வாயில் குழாயோடு அவள் நினைவின்றிக் கிடந்தாள்.

வென்டிலேட்டர் முழு மூச்சாக ஆக்சிஜனைத் தள்ளியும் ரத்தத்தில் ஏறவில்லை. குப்புறப் படுக்கவைத்தும் பார்த்தார்கள். டாக்டர் ஆக்சிலியா குருவைக் கூப்பிட்டார்.

“நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு இருக்குங்க. மூச்சுக்காத்தோட துளி கலந்து கொடுப்போம். நுரையீரல்ல எந்த இடம் இன்னும் வேலை செய்யுதோ, அங்க ரத்தக்குழாய் விரியும். ரத்தம் அந்தப் பக்கமாப் போய் ஆக்சிஜனை எடுத்துக்கும்.”

“அதுல சரியாயிருங்களா?”

“இதால நோவு ஆறாதுங்க. மருந்துல ஆறுற வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம். அதுவும் உறுதியில்ல.”

குரு தலையாட்டினார். அன்று மாலையே திரையில் ஆக்சிஜன் அளவு ஏறியது. “இன்னுங் கொஞ்சம் சேத்து வுட்டா என்னங்க?” என்று கேட்டார். அளவு மீறினால் ரத்தத்துக்கே கேடு என்றார் டாக்டர்.

கோகிலவாணியின் தம்பி இளம்பரிதி ஓசூரிலிருந்து ஆம்புலன்ஸோடு வந்து இறங்கினான்.

“பெங்களூருக்குக் கொண்டுட்டுப் போயிரலாம் மாமா. இங்க வெச்சுப் பாத்துட்டே இருந்தா ஆச்சா?”

அந்த வண்டியில் இந்த வாயு இல்லை. திடீரென நிறுத்தினால் விரிந்த ரத்தக்குழாய்கள் சுருங்கி, வழியிலேயே இதயம் தாங்காமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரு மறுத்துவிட்டார்.

“எங்கக்காளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு.”

“ஆமா, நாந்தான்.”

இளம்பரிதி வண்டியைத் திருப்பி அனுப்பினான். அவன் மட்டும் போகவில்லை, மாமனிடம் பேசவும் இல்லை.

எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிந்ததும் வாயுவைக் குறைத்தார்கள். உடனே ஆக்சிஜன் சரிந்தது. பழைய அளவுக்கே ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை இன்னும் மெதுவாக, உடம்பு பழகப் பழக இறக்கினார்கள். குரு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையில் ஒன்றும் இல்லை என்பது மட்டும் அவருக்கு விளங்கியது. வாயு முழுதாக நின்றபோது ஆக்சிஜன் சற்றே தாழ்ந்து, அப்படியே நிலைத்தது.

குழாயை எடுத்த பிறகு கோகிலவாணி கரகரத்த குரலில் கேட்டாள்: “எப்ப வந்தீங்க?”

இப்போது அவள் பழையபடி துணி தைக்கிறாள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். குரு இண்டூரிலேயே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இளம்பரிதி பொங்கலுக்கு வந்திருந்தான். மாமனிடம் இரண்டொரு வார்த்தை பேசினான்.