பூப்போட்டுக் கேட்ட டயர்

அருவியருகே ஆடும் ஐயன் திருவடியைச் சிரமேற்கொண்டு இதனை எழுதுகிறேன்.

அன்று ஆனித் திருமஞ்சன நன்னாள். முந்திய ஆண்டுச் சாரலில் குற்றாலச் சாலையில் என் மோட்டார் சைக்கிள் சறுக்கி, பின்னால் அமர்ந்திருந்த மனைவியின் முழங்கை முறிந்தது. டயர்கள் அவ்வளவு தேய்ந்திருந்தன. புதியவை வாங்கத் தென்காசிக் கடையில் அகலமானதும் ஒடுங்கியதுமாக இருவகை காட்டினர். மறுபடி பிழை நேருமோ என்றஞ்சி, சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து, அருகிலிருந்த கோயில் சந்நிதியில் வைத்து ஒன்றை எடுத்தேன். அகல டயருக்கென நினைத்த சிவப்பே வந்தது.

கடைக்குத் திரும்பிச் சொன்னதும் கடைக்காரர் அதை மாட்டினார். சக்கரம் மட்கார்டில் உரசி நின்றது.

"இது உங்க வண்டிக்குச் சேராது அண்ணாச்சி. ஒடுங்கினதுதான் சரி."

திருவுளத்தை மீறுவதா என்று திகைத்தேன். உடன் வந்த மனைவி சிரித்தாள்.

"சேராததையும் சேத்து வச்சுக் கேட்டது நீங்கல்லா? சாமியா வண்டிய அளந்து பாக்கணும்?"

"ஆச்சி சொல்லுதது நியாயம்," என்றார் கடைக்காரர்.

என் நெஞ்சின் பாரம் இறங்கியது. ஒடுங்கிய டயர்களோடு சாரலில், ஐயன் ஆடும் குற்றாலச் சித்திர சபைக்குப் புறப்பட்டோம். ஈரச் சாலையில் வண்டி இம்மியும் சறுக்கவில்லை. என் தோளை இறுகப் பற்றியிருந்த அவள் கை, பாதி வழியில் தானே தளர்ந்தது.

இதைப் படிப்போர் யாவரும் நலமே போய், நலமே வீடு திரும்ப ஐயன் அருள்க.