‘ஏன்’ சாரின் டிராக்டர்

டிராக்டரின் இடது பின்சக்கரத்தை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார் ஆம்ப்ரோஸ். “டயர், ஓகே” என்கிறார். சக்கரம் மறுத்துப் பேசுவதில்லை. விரல் அடுத்த சக்கரத்துக்குப் போகிறது, பிறகு பிரேக்குக்கு, பிறகு ஹாரனுக்கு. எல்லாமே ஓகே. தலையில் மஞ்சள் ஹெல்மெட். உடம்பில், இருட்டில் மின்னும் பட்டை தைத்த பச்சைச் சட்டை. சுற்றிலும் இரண்டு ஏக்கர் வெறும் நிலம். அங்கே தலையில் விழக்கூடியது என்று பார்த்தால் வானம் ஒன்றுதான்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு விபத்து நடந்தால் முதலில் ஆம்புலன்ஸ் வரும், அடுத்து ஆம்ப்ரோஸ் வருவார். ஆம்புலன்ஸ் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஆம்ப்ரோஸ் அடிபடாதவர்களைக் கவனித்துக்கொள்வார். ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் எந்தக் கோளாறுக்கும் மூலகாரணம் தெரிந்துவிடும் என்பது அங்கே அவருக்குச் சொல்லித்தந்த பாடம். ஏன் வழுக்கி விழுந்தான்? தரையில் எண்ணெய். ஏன் எண்ணெய்? குழாய் ஒழுகியது. ஏன் ஒழுகியது? இப்படிப் போய்க்கொண்டே இருந்தால் ஐந்தாவது ‘ஏன்’னில் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். அந்த ஒருவர் எந்தக் காலத்திலும் ஆம்ப்ரோஸாக இருந்ததில்லை.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து இந்த முறை பிரேசர் டவுன் வீட்டுக்குள் நுழைந்தது. ஒருநாள் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது.

“ஏன்?” என்றார்.

“கை தவறிடுச்சுங்க” என்றார் மனைவி பெட்டி.

“ஏன் தவறிச்சு?”

“நீங்க அடுப்புக்கிட்ட வந்து நின்னு பேசிக்கிட்டே இருந்தீங்க.”

ஆம்ப்ரோஸ் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு அந்த விசாரணையை முடித்துக்கொண்டார்.

அத்திபெலேயைத் தாண்டி இரண்டு ஏக்கர் வாங்கலாமா என்று அவர் கேட்டபோது பெட்டி ஒரு கேள்விகூடக் கேட்காமல் சம்மதித்தார். பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்றதும் அதற்கும் சம்மதித்தார். வாரம் முழுவதும் போய்வர முடியுமா என்று மட்டும் விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போக இடைஞ்சல் வேண்டாம் என்று ஆம்ப்ரோஸ் இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலையே தேவாலயப் பூசைக்குப் போய்விடுகிறார். கடவுள் காரியத்தைக் கெடுவுக்கு முன்பே முடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் ஞாயிறு முழுக்கத் தெரியும்.

நிலத்துப் பக்கம் அவருக்கு ‘ஏன் சார்’ என்று பெயர். அது மரியாதைப் பட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

டிராக்டர் அவர் கைக்கு வந்தபோது அதில் ஓட்டுவதற்குத் தேவையானவை மட்டுமே இருந்தன. ஆம்ப்ரோஸ் அதை முன்னேற்றினார். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தார். தீயணைப்பு சிலிண்டர் ஒன்றும் முதலுதவிப் பெட்டி ஒன்றும் ஏறின. சென்ற வாரம், வலது மட்கார்டு மேல் ஃபிளாஸ்க் வைக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு வந்தது. வண்டி குலுங்கி ஃபிளாஸ்க் சாய்ந்தால் சூடான டீ ஓட்டுபவர் தொடையில் கொட்டும், கொட்டினால் ஸ்டியரிங்கை விட்டுவிடுவார், விட்டால் என்ன ஆகும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனதைக் கேட்க முடியாமல் அத்திபெலே மெக்கானிக் எத்திராஜ் உடனே வெல்டிங் வைத்துக்கொடுத்துவிட்டார்.

பக்கத்து நிலம் சரசுவுடையது. கேழ்வரகு விதைக்கும் பெண்மணி. முதல் மழை பெய்ததும் வாடகை டிராக்டர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டன. சரசு போனும் கையுமாக வரப்பில் நின்றதைப் பார்த்து ஆம்ப்ரோஸே வலியப் போய்ச் சொன்னார், “என்கிட்ட வண்டி இருக்கறப்போ நீங்க ஏன்மா வெளியில கேக்குறீங்க? சண்டே காலையில ஓட்டித் தரேன்.” சொன்னதில் நல்ல மனசு பாதி. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் மாட்டிய டிராக்டரில், நாலு பேர் பார்க்க, அடுத்தவர் நிலத்தில் போகும் ஆசை மீதி.

அந்த ஞாயிறு காலை விரல் நீட்டும் சடங்கெல்லாம் முடிந்து, வண்டியைக் கிளப்பி, லிஃப்ட் லிவரைப் பின்னுக்கு இழுத்தார். பின்னாலிருந்த இரும்புக் கைகள் ரொட்டவேட்டரைத் தூக்கின. ஒரு சாண் தூக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டன. இறக்கி மறுபடி இழுத்தார். அதே ஒரு சாண். என்ஜின் வேகத்தைக் கூட்டி இழுத்துப் பார்த்தார். புகை கூடியது, உயரம் கூடவில்லை.

சரசு வரப்பிலிருந்து எழுந்து வந்தார். “என்னா சார், தூக்கலியா?”

“தூக்குது. பார்ஷியலா தூக்குது.”

“நாளைக்கு விதைக்க ஆளுங்களை வரச் சொல்லிட்டேன் சார். இன்னிக்கு ஓட்டலன்னா ஈரம் ஓடிப்போயிடும். அப்புறம் அடுத்த மழைதான்.”

ஆம்ப்ரோஸ் அவசரப்படுகிறவர் இல்லை. முதலில் பழைய தொழிற்சாலை நண்பர்களின் வாட்ஸப் குழுவில் படம் எடுத்துப் போட்டார். ஒருவர் ஆயில் என்றார், ஒருவர் வால்வு என்றார், ஒருவர் ரோஜாப்பூவுடன் காலை வணக்கம் சொன்னார். கேசவ் என்பவர் மட்டும், “கரன்ட் ஸ்டேட்டஸ் என்ன?” என்று கேட்டார். வேலையில் இருந்தபோதும் கேசவ் அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார்; அதிலேயே பெரிய பதவிக்கும் போனார்.

பிறகு எத்திராஜுக்குப் போன் போட்டார். எத்திராஜ் தன் பைக்கை வரப்பில் சாய்த்துவிட்டு, டிராக்டரைத் தொடாமலேயே, பத்தடி தூரத்தில் நின்றபடி நோயைச் சொல்லிவிட்டார்.

“பம்ப்பு ஓயித்து சார், போயிடுச்சு. அவ்ளோதான். எறக்கி அத்திபெலேக்குக் கொண்டுபோயிடறேன், ரெண்டு மூணு நாள்ல மாட்டிடலாம்.”

எத்திராஜின் வைத்தியத்தில் எல்லா நோய்க்கும் பம்ப்தான் காரணம். பம்ப்பே இல்லாத வண்டி என்றால் மட்டும் அவர் கொஞ்சம் யோசிப்பார்.

“பம்ப் ஏன் போச்சு?” என்று ஆரம்பித்தார் ஆம்ப்ரோஸ்.

“தேஞ்சு போச்சு சார்.”

“ஏன் தேஞ்சுது?”

“வயசாச்சு சார்.”

“ஏன் வயசாச்சு?”

எத்திராஜ் சரசுவைப் பார்த்தார். சரசு வானத்தைப் பார்த்தார். வயதுக்கு மூலகாரணம் யாரிடமும் இல்லை.

சமதரையில் வண்டியை நிறுத்தி ஆயில் அளவு பார்த்தார்கள். சரியாக இருந்தது. ஃபில்டரைக் கழற்றி டீசலில் கழுவி மாட்டினார்கள். ரொட்டவேட்டர் முன்புபோலவே ஒரு சாண் எழுந்து, போதும் என்பதுபோல நின்றது. எத்திராஜ் மறுபடி பம்ப் என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உழாத மண்ணின் மேல்தோல் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது ஆம்ப்ரோஸ் தொழிற்சாலையில் யாரையும் செய்யவிடாத ஒரு காரியத்தைச் செய்தார். “ஏறின வரைக்கும் ஏறட்டும். இப்படியே ஓட்டலாம். கண்டிஷனல் அப்ரூவல்” என்றார். அனுமதி கேட்டவரும் அவர்தான், கொடுத்தவரும் அவர்தான்.

சரசுவின் நிலத்தில் முதல் சால் பிரமாதமாகப் போனது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஹெல்மெட்டுக்குள் ஆம்ப்ரோஸ் முகம் மலர்ந்தது. நிலத்தின் கோடிக்குப் போய்த் திரும்பும்போது சரசு கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

“தூக்குங்க சார், தூக்குங்க.”

“தூக்கிட்டேன்மா” என்று அவர் திரும்பிச் சொன்னபோது, முழுக்கத் தூக்காத ரொட்டவேட்டரின் கத்திகள் மூலையில் மண்ணை ஒட்டிக் கிடந்த கறுப்புக் குழாயைக் கவ்வி இழுத்தன. போர்வெல்லிலிருந்து தக்காளிப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போகும் குழாய். அறுந்த முனையிலிருந்து தண்ணீர் பீறிட்டு, அப்போதுதான் உழுத மண்ணைச் சேறாக்கியது.

ஆம்ப்ரோஸ் இறங்கி வந்து பார்த்தார். பழக்கம் விடவில்லை. “இந்த இடத்துல ஏன்மா பைப் போட்டீங்க?”

“பைப்பு எப்பவும் இங்கதான் சார் இருக்கு. நீங்கதான் புதுசா வந்தீங்க.”

சரசு அவ்வளவுதான் சொன்னார். போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, அறுந்த இரண்டு முனைகளையும் கையில் எடுத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. தொழிற்சாலையில் ஆம்ப்ரோஸ் முன்னால் ஆட்கள் அழுதிருக்கிறார்கள், சத்தியம் செய்திருக்கிறார்கள், அடுத்தவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இப்படிப் பேசாமல் உட்கார்ந்தவர் யாருமில்லை. பேசாதவரிடம் அடுத்த ‘ஏன்’னை எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வண்டியிடமே திரும்பிப் போனார்.

“எத்திராஜ், ரொட்டவேட்டரைக் கழட்டு. வெறும் கையைத் தூக்கிப் பாப்போம்.”

கழற்றினார்கள். சுமையே இல்லாத இரும்புக் கைகள் எழுந்தன; சரியாக அதே இடத்தில் நின்றன.

“பாருங்க, பம்ப்பு சுத்தமா போயிடுச்சு” என்றார் எத்திராஜ்.

“இல்லப்பா. பம்ப்புக்குச் சக்தி இல்லன்னா, வெயிட்டை எடுத்ததும் இன்னும் கொஞ்சம் மேல போகணும். இது வெயிட் இருந்தாலும் இங்கதான் நிக்குது, இல்லன்னாலும் இங்கதான் நிக்குது. தூக்க முடியாம நிக்கல. யாரோ நிறுத்தச் சொல்றாங்க.”

சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் அசந்துபோனார். இத்தனை வருடத்தில் ஒரு கேள்வி, யாரையும் மிரட்டாமல், அவரை ஓர் இடத்துக்கு அழைத்துப் போவது இதுதான் முதல் முறை. இருக்கையில் ஏறி உட்கார்ந்து லிவரை மெதுவாக இழுத்தார்.

கைகள் ஏன் நிற்கின்றன? லிவர் நின்றுவிடுகிறது.

லிவர் ஏன் நிற்கிறது? அது ஓட வேண்டிய காடியில் இன்னும் இரண்டு விரல் இடம் இருக்கிறது. அதற்குள் எதிலோ முட்டுகிறது.

ஏன் முட்டுகிறது? மட்கார்டு மேல் கிடந்த தன் துண்டை விலக்கிப் பார்த்தார். ஃபிளாஸ்க் ஸ்டாண்டின் இரும்பு விளிம்பு, லிவரின் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது.

“இதை ஏன் இங்க வச்சே?” என்று கேட்டுவிட்டார். அது நான்காவது.

“நீங்க சாக்பீஸ்ல கோடு போட்டீங்க, வச்சேன்” என்று சொல்லியிருக்கலாம் எத்திராஜ். சொல்லவில்லை. தான் வைத்த வெல்டிங்கும் அங்கேதான் இருந்தது. காலையிலிருந்து மூன்று முறை பம்ப் என்று சொன்னதும் காற்றில் இன்னும் கரையவில்லை. ஐந்தாவது ‘ஏன்’ ஆம்ப்ரோஸ் தொண்டை வரை வந்தது. அதைக் கேட்டால் யார் தலையைக் குனிய வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் அது வந்த வழியே திரும்பிவிட்டது.

“அறுத்துடு” என்றார்.

எத்திராஜ் ஹாக்சா பிளேடால் ஸ்டாண்டை அறுத்துத் தள்ளினார். லிவர் கடைசிவரை போனது. கைகள் தடையில்லாமல் மேலே எழுந்தன. ரொட்டவேட்டரை மாட்டியபோதும் அதே உயரம். கத்திகள் வரப்புக்கு மேலே தெரிந்தன. ஆம்ப்ரோஸ் குழுவில் எழுதினார்: “பிரச்சினை தீர்ந்தது. கூடுதலாகப் பொருத்தப்பட்ட ஒரு உதிரிபாகம் தடையாக இருந்தது கண்டறியப்பட்டு அகற்றப்பட்டது.” யாரால் பொருத்தப்பட்டது என்று அதில் இல்லை. செயப்பாட்டு வினை எதற்கு இருக்கிறது என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். கேசவ் உடனே கட்டைவிரலை உயர்த்தினார்.

சரசு கேட்டபோது எத்திராஜ் முந்திக்கொண்டு, “பம்ப்புல ஏர் லாக்கும்மா, காத்து அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன்” என்றார். ஆம்ப்ரோஸ் அதைக் கேட்டும் கேட்காதவராக வண்டியைக் கிளப்பினார்.

உச்சி வெயில் சாய்வதற்குள் நிலம் முழுக்க உழுது முடிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ரொட்டவேட்டர் தாராளமாக எழுந்து வரப்பைத் தாண்டியது. ஆனால் ஆம்ப்ரோஸ் ஒருமுறைகூடத் திரும்பி யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கவில்லை. அவர் இறங்கியபோது சரசு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு குழாய் முனைகளையும் ஒரு துண்டுக் குழாயில் செருகி, சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கையால் பிடித்து ஒரு கையால் சுற்ற, டியூப் நழுவி நழுவி வந்தது. எத்திராஜ் மோட்டார் ஸ்விட்ச் அருகே போய் நின்றார்.

ஆம்ப்ரோஸ் சேற்றில் இறங்கி சரசுவுக்கு எதிரே உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டார்.

“பழைய வண்டி. பாவம், அது என்னா சார் பண்ணும்” என்றார் சரசு, சமாதானமாக.

ஆம்ப்ரோஸ் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “வண்டியச் சொல்லாதீங்க சரசம்மா” என்றார். “ஏர் லாக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. டீ ஃபிளாஸ்க் வைக்க நான் ஒரு ஸ்டாண்டு அடிக்கச் சொன்னேன். அதுதான் லிவர்ல இடிச்சுது. உங்க பைப்ப அறுத்தது நான்தான்.”

சரசு சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டியூப்பின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தார்.

“இழுத்துப் பிடிங்க. விட்டுடாதீங்க” என்றவர், எத்திராஜைப் பார்த்து, “போடுப்பா மோட்டார” என்றார்.

குழாய் உறுமி நிறைந்தது. கட்டின் இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் பிசிறடித்து ஆம்ப்ரோஸின் மூக்குக்கண்ணாடியை மூடியது. சரசு இரண்டாவது சுற்றைப் போட்டு, மூன்றாவதையும் போட்டு, நிதானமாக முடிச்சைத் தேடினார். எதிரே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ், கண்ணாடியைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை.