சுங்காய் மலையில் விழாத குண்டு விமானம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் கௌரவம். ஒரு கோழிக்கூட்டின் கதவைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் மல்லிகைச் சரம் சாத்தி, சில மாதங்கள் பயபக்தியோடு கும்பிட்டவன் நான். முழ நீளத்தில் ஓர் அலுமினியத் தகடு அது. ஒரு விளிம்பு கிழிந்து சுருண்டிருக்கும். மறு விளிம்பில் ரிவெட்டு ஆணிகளின் தலைகள் வரிசையாக நிற்கும். சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கி, ஓய்ந்த ஒரு பெரியம்மா அதைத்தான் தன் கோழிக்கூட்டுக்குக் கதவாக வைத்திருந்தார். "இது பிளேனு தகடு தம்பி. பின்னால மலையில ராத்திரி வுழுந்துச்சு. விடியக்காலம் நெருப்பு எரியிறத நானே பாத்தேன் லா" என்றார். கோழிகளுக்குப் புதுக் கதவு அடித்துக் கொடுத்துவிட்டு, தகட்டை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தேன்.

நான் ஒரு பஸ் கம்பெனியில் உதிரிப்பாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவன். போர்க் காலத்தில் இரவுகளில் குண்டு போடப் புறப்பட்டுத் திரும்பாமல் போன விமானங்களைத் தேடுவது எப்படியோ என் தலையில் ஏறிவிட்டது. கணினியைத் திறந்தால் பட்டியல் பட்டியலாக வரும். எங்கிருந்து கிளம்பியது, எத்தனை பேர், கடைசியாக எப்போது பேசினார்கள், கடைசிக் கட்டத்தில் 'திரும்பவில்லை' என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரை எழுதிவிட வேண்டும் என்பது என் வெறி. என் மனைவி அதை வேறு விதமாகப் பார்த்தாள். "குளியலறைக் குழாய் எங்க ஒழுகுதுன்னு மூணு மாசமா கண்டுபிடிக்க முடியல. இவருக்கு எழுபது வருசத்துக்கு முந்தி காணாப் போன பிளேனு வேணுமாம்!"

தகடு வந்த மறுநாளே நான் செய்த காரியம்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம். காணாமல் போன விமானிகளின் குடும்பத்தார் எழுதிக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்றில் ஓர் ஆங்கிலேய அம்மாள் தன் தகப்பனைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே அந்தத் தகப்பன் ஓர் இரவுத் தாக்குதலுக்குப் போய், மலாயாக் கரையோரம் எங்கோ மறைந்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "அம்மா, உங்கள் தகப்பனார் எங்கள் ஊர் மலையில் இருக்கிறார்" என்று எழுதிவிட்டேன். பதிலாக ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒரு பக்கக் கடிதமும், தொப்பியைச் சாய்த்து வைத்துச் சிரிக்கும் ஓர் இளைஞனின் புகைப்படமும். இனித் தன் தாயின் கல்லறையில் போய்ச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது என்று எழுதியிருந்தார். அன்று நான் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பேன்.

அந்த உயரத்தோடுதான் சனிக்கிழமை காலை கிராணியாரைப் பார்க்கப் போனேன். அவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர். அவருடைய தகப்பனாரும் தோட்டத்துக் கிராணி, அவரும் கிராணி. ஆள் கணக்கும் பால் கணக்கும் எழுதியே தேய்ந்த விரல்கள். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் இருக்கும். பழைய நகரத்துக் கோப்பிக் கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, நான் எழுதிக்கொண்டு போகும் ஆராய்ச்சிகளின் ஓரத்தில் சிவப்பு மையால் 'ஆர் சொன்னது?' என்று எழுதித் திருப்பித் தருவார். ஒரு பக்கத்துக்கு ஆறு இடத்தில் எழுதுவார். அந்த மனிதரை அடிக்காமல் இத்தனை சனிக்கிழமைகளைக் கழித்ததற்கே எனக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம். அன்றும் தகட்டைத் தொடவில்லை, பாராட்டவில்லை. புகைப்படத்தைப் பார்த்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு புத்தகத்தை எடுத்து ஏதேதோ குறித்துக்கொண்டார். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதும் மனிதர், உறையின் முதுகில் இருந்த முகவரியைக்கூட விடவில்லை. கடைசியில், "அந்தக் கோழிக்கூட்டு மனுசியை நான் பாக்கவேணும்" என்றார்.

சுங்காய் வரை என் காரில் போனோம். பெரியம்மா வரக்கோப்பி போட்டுக் கொடுத்து, ராத்திரி கேட்ட சத்தம், விடியலில் மலைமேல் எரிந்த நெருப்பு என்று எல்லாவற்றையும் கையை வீசி வீசிச் சொன்னார். நான் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். கிராணியார் சத்தம் பற்றியும் கேட்கவில்லை, நெருப்பு பற்றியும் கேட்கவில்லை.

"அந்த நேரம் உம்மட கையில என்ன இருந்தது?"

"உளிதான். மரம் வெட்டப் போறவ கையில பின்ன என்ன இருக்கும் கிராணியாரே, கரண்டியா?"

"பால் விழுந்ததோ?"

"நல்லாக் கேட்டீங்க! ரெண்டு வாளி நெறைய. நெருப்பைப் பாத்துக்கிட்டே நின்னேன்னு வேல வாங்குற மண்டோர் வந்து கத்துனாரு."

கிராணியார் புத்தகத்தை மூடிவிட்டார். திரும்பும் வழியில் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் என்று ஊர்கள் வந்து போயின.  நான் விமானத்தின் எடை, பறந்த உயரம், குண்டுகளின் கணக்கு என்று தனி ஆளாகப் பேசிக்கொண்டே வந்தேன். சிம்பாங் பூலாய் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் கிராணியார் சொன்னார்.

"ஜப்பான்காரன் காலத்திலை அந்தப் பக்கத் தோட்டங்களிலை ஒருத்தரும் மரம் வெட்டேல்லை. வெட்டின பாலை ஆருக்கு விக்கிறது? நிரைக்கு நிரை மரவள்ளி நட்டுக் கிழங்கு திண்டுதான் சனம் கிடந்தது. நானும் திண்டனான்."

விளக்கு பச்சையானதையும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்ததையும் நான் கவனிக்கவில்லை. பெரியம்மா பொய் சொல்லவில்லை. விமானம் விழுந்தது உண்மை, நெருப்பும் உண்மை. ஆனால் கையில் உளியும் வாளியில் பாலும் இருந்தால் அது போர் முடிந்த பிறகு. கம்யூனிஸ்டுகளைக் காட்டில் தேடிய அவசர காலத்தில், காட்டுக்குள் இருந்த பட்டாளத்துக்குச் சாமான் போடப் போன ஏதோ ஒரு விமானமாக இருக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து, பால் வாடையில் வளர்ந்தவன் நான். அப்பாவும் அம்மாவும் மரவள்ளிக் கதையைச் சொல்லிச் சொல்லியே எனக்குச் சோறூட்டியவர்கள். விமானத்தின் உள்ளுறுப்புகளையெல்லாம் மனப்பாடம் செய்தவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. "விழுந்தவனும் ஆரோ ஒருத்தியின்ர பிள்ளைதான். ஆனா அந்த இங்கிலீஷ் அம்மாவின்ர தேப்பன் இல்லை" என்றார் கிராணியார். இறங்கும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்த அம்மாவுக்கு எழுதிப் போடும். நீர்தான் சொன்னது, நீர்தான் எழுதவேணும்" என்றார்.

எழுதினேனா? எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதம் ஈப்போவின் மழையைப் பற்றி ஒரு பக்கம் போய் நின்றுவிட்டது. இரண்டாவது தீபாவளி வாழ்த்தாக முடிந்தது. மூன்றாவதில் 'ஒரு சிறு திருத்தம்' என்று தொடங்கி, என் வெட்கம் தாங்காமல் நானே கிழித்தேன். ஒரு மனுசியின் தகப்பனை இரண்டாம் முறை தொலைப்பது சிறு திருத்தமா? அலமாரித் தகட்டுக்கு மல்லிகை சாத்துவதை மட்டும் நிறுத்தினேன். அவ்வளவுதான் என் வீரம். சனிக்கிழமை தோறும் நான் நாற்காலியை இழுப்பதற்குள் கேள்வி வந்துவிடும். "என்ன காணும், எழுதினீரோ?" கண் வலி என்பேன், கணினி கெட்டுப்போச்சு என்பேன், மகள் வீட்டுக் கல்யாண வேலை என்பேன். ஒரு சனிக்கிழமை எரிச்சலில், "எழுதிட்டேன் ஐயா, போதுமா?" என்று பொய்யே சொன்னேன். அவர் கோப்பியை நிதானமாகக் கலக்கினார். "அப்பிடியோ. பதில் என்ன வந்தது?" என்று கேட்டு என் முகத்தையே பார்த்தார். அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காதது போல, "என்ன காணும், எழுதினீரோ?" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இப்படியே ஆறு வருடங்கள். இதற்கிடையில் அந்த அம்மாளிடமிருந்து ஆண்டு தோறும் வாழ்த்து அட்டை வரும். அதில் மலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது. 'உங்கள் கிராணியார் நலமா?' என்று மட்டும் இருக்கும். அந்த அம்மாளுக்கு முதன்முதலில் எழுதியபோது கிராணியாரைப் பற்றிப் பெருமையாக நாலு வரி எழுதியிருந்தேன், அதை நினைவில் வைத்துக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வோர் அட்டையும் என் நெஞ்சில் ஒரு ரிவெட்டு.

போன ஆண்டு கிராணியார் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை, பழக்க தோஷத்தில் கோப்பிக் கடைக்குப் போனேன். மின்விசிறிக்குக் கீழே அவர் நாற்காலியில் ஒரு சீனப் பையன் கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியை இழுத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை இத்தனை வருடங்கள் சபித்தவன்தான் நான்.  கோப்பியைப் பாதியில் விட்டு எழுந்து வீட்டுக்கு வந்து, மேசையில் உட்கார்ந்து, மழையும் இல்லாமல் தீபாவளியும் இல்லாமல் எழுதினேன். உளி, பால், மரவள்ளி, என் அவசரம், என் ஆறு வருடக் கோழைத்தனம், கிராணியாரின் மரணம் என எல்லாம் சேர்ந்து நான்கு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் எங்கே கிழித்துவிடுவேனோ என்ற பயத்தில் படிக்காமலே மின்னஞ்சலில் அனுப்பினேன்.

தகடு இப்போது அலமாரியில் இல்லை.  என் எழுதும் மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். அதன் மேல் சிவப்பு மையால் 'ஆர் சொன்னது?' என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். அது எந்த விமானம், அதில் போனவர்கள் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை யாருக்கும் முந்திக்கொண்டு எழுதவில்லை. கடிதத்தை அனுப்பிய இரண்டாம் நாள் அந்தத் தகட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அழுகையோ வசையோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக முதுகை நிமிர்த்திக்கொண்டு பதிலைத் திறந்தேன். நான்கு பக்கத்துக்கு ஒரே வரி:

"தெரியும், உங்கள் கிராணியார் அந்த வாரமே எழுதிவிட்டார்."