மூன்றாவது புள்ளி

லேத் பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் நிம்மதியாக உறங்குகிறது. தெருவில் அவர் பெயர் ரெண்டுபுள்ளி.

தேய்ந்துபோன ஃபிளைவீலை லேத்தில் ஏற்றி முகத்தைச் சீவிச் சமப்படுத்தும்போதெல்லாம், அதன் முதுகில் பஞ்ச் உளியை வைத்துத் தட்டி ஒரு புள்ளி குத்துவார். ஏற்கெனவே இரண்டு புள்ளி இருந்தால் கை வைக்க மாட்டார். அழுதாலும் புரண்டாலும் புதிதுதான் போட வேண்டும் என்பார். பாதி டிரைவர்கள் அவரைத் திட்டியிருக்கிறார்கள். திட்டுவதற்கு அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்களே என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் தங்கை புருஷன் சாக்கில் சுற்றிய ஒரு ஃபிளைவீலைக் கொண்டுவந்து மேஜையில் இறக்கினார். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே சுற்றும் அந்தக் கனத்த இரும்புத் தட்டைக் கவ்வித்தான் கிளட்ச் காரை நகர்த்துகிறது. இதன் முகம் சூட்டில் திட்டுத்திட்டாக நீலம் பாரித்திருந்தது. கார் மெக்கானிக் கொட்டகையில் வயிறு திறந்து கிடந்தது.

தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மேட்டின் மேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். புருஷன் வேலைக்குப் போகும் வழியில் காரில் இறக்கிவிடுவார். புது ஃபிளைவீல் வர எட்டு நாள் ஆகும் என்று உதிரிபாகக் கடையில் சொல்லிவிட்டார்கள். அதை வாங்கிய கையில் வாடகைக் காருக்குக் காசு மிஞ்சாது. பழையதையே சீவிக் கொடுத்தால் சாயங்காலம் கார் ஓடும்.

ரெண்டுபுள்ளி தட்டைத் திருப்பினார். மூன்று புள்ளிகள் இருந்தன. மூன்றும் அவர் குத்தியவை.

மூன்றாவதன் கதை அவருக்கு மட்டும்தான் தெரியும். டயாலிசிஸ் தொடங்கிய முதல் வாரம், இந்த ஒரு தடவை செய்து கொடு என்று தங்கை போனில் கேட்டாள். செய்து கொடுத்தார். அந்தப் புள்ளியை மட்டும் மெல்லக் குத்தியிருந்தார். மெல்லக் குத்தினால் கணக்கில் வராது என்று யார் சொன்னார்களோ.

தட்டைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். மணி மாதிரி ரீங்கரிக்க வேண்டியது, மூக்கடைத்தவன் பேசுவதுபோல ஒலித்தது. மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினார். உள்விளிம்பிலிருந்து போல்ட் துளையை நோக்கி ஈரமாக ஒரு மயிரிழைக் கோடு எழும்பியது.

மேலோட்டமான கீறல் சீவினால் போய்விடும். அந்த ஆசையில் லேத்தில் ஏற்றி, மிக மெல்லிசாக ஒரு சீவு சீவினார். நீலம் போனது; முகம் பளபளத்தது. மறுபடி தூள் தூவினார். அதே இடத்தில் அதே கோடு, கொஞ்சமும் வெட்கமில்லாமல் வந்து நின்றது. கனம் அளக்கும் வெர்னியரை வைத்துப் பார்த்தார். இனிச் சீவ இரும்பும் இல்லை.

"கண்ணாடி மாதிரி இருக்கே மச்சான், இதுக்கு என்ன குறை?"

"கீறல் போகல மாப்ளே. புதுசுதான் போடணும்."

"எட்டு நாளும் அவளைத் தோள்ல தூக்கிட்டுப் போகவா? உங்களுக்குப் புள்ளிதான் பெருசு. கூடப் பொறந்தவ பெருசில்ல."

அடுத்த தெரு லேத்தில் கொடுத்துக்கொள்கிறேன் என்று மாப்பிள்ளை சாக்கை எடுத்தார். அங்கே கொடுத்தால் செய்துவிடுவார்கள். தட்டிப் பார்க்காமலே செய்வார்கள். பட்டறை வாசலில் காத்திருந்த இரண்டு டிரைவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஓடும்போது இது வெடிச்சா எங்க வரும் தெரியுமா? உங்க காலுக்கும் அவ மடிக்கும்தான் வரும். போன தடவையே நான் இதைத் தொட்டிருக்கக் கூடாது. தங்கச்சி கேட்டான்னு தொட்டேன். தப்பு என்னோடது."

டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் போன மாதம்தான் இதே மேஜை முன்னால் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு போனவர்.

ரெண்டுபுள்ளி தட்டைத் துளைபோடும் மெஷினுக்குக் கீழே வைத்து, பளபளத்த முகத்தில் ஆற அமர ஒரு ஓட்டை போட்டார். இனி எந்த லேத்திலும் அது ஏறாது. மாப்பிள்ளை சாக்கைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினார்.

செவ்வாய்க்கிழமை பட்டறை பூட்டியிருந்தது. வேலை நாளில் அந்தக் கதவு மூடியதை யாரும் பார்த்ததில்லை. ரெண்டுபுள்ளி தங்கையோடு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனார். நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது அவள் சோர்ந்துபோய் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்திருந்தாள். ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் தன் உள்ளங்கையைக் கம்பிக்கும் அவள் தலைக்கும் நடுவே கொடுத்தார்.

"எல்லார் முன்னாடியும் தப்பு என்னோடதுன்னு சொன்னியாமே அண்ணே."

"ஆமாம்மா. மூணாவது புள்ளி நான் வெச்சதுதானே."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கேட்டது நான். அதுல பாதி என்னோடது."

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் கையை எடுக்கவில்லை. புது ஃபிளைவீல் வரும்வரை இன்னும் மூன்று தடவை வர வேண்டும்.