பாலில்லாத காபி

தொண்ணூறுகளில் நானும் என் மனைவியும் செங்கம் சாலையில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு காபிக் கடை போட்டோம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிரிட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு வெள்ளைக்காரர்களின் ருசி எப்படித் தெரியும்? பக்கத்துக் கடைகளில் கேக் வைத்திருந்தார்கள். எங்களிடம் இட்லியும் ஃபில்டர் காபியும்தான். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்தை விட்டால், மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டினோம்.

தினம் தவறாமல் வந்தது ஒரே ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான். அறுபது வயதிருக்கும், வாடகை அறையில் தனியாக இருந்தார். முதல் நாள் கடை திறந்ததும் வந்து, "பிளாக் காபி" என்றார். என் மனைவி பால் ஊற்றி, நுரை பொங்க ஆற்றிக் கொண்டுபோய் வைத்தாள்.

உள்ளே கூப்பிட்டுக் கடிந்துகொண்டேன்.

"சாவு வூட்லதாங்க பாலில்லாம குடுப்பாங்க. முதல் போணிக்கே அதையா குடுக்கச் சொல்றீங்க? நான் மாட்டேன்."

"அந்தம்மாவும் வரலன்னா வேற யாரு வருவா?"

அவள் அசையவில்லை. அந்த அம்மாளோ ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். காரணத்தை நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கியபோது இன்னும் பெரிதாகச் சிரித்தார். அதன்பிறகு மாதக்கணக்கில் அவர் பிளாக் காபி கேட்பதும், இவள் பால் ஊற்றுவதும் இரண்டு பேருக்கும் விளையாட்டாகிவிட்டது. எந்த நாள் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ என்று நான்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு பௌர்ணமி அன்று காலை, எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. என்னவென்று விசாரித்ததற்கு, கடைத்தெருவில் கற்ற தமிழில், "தம்பி செத்துப் போச்சு" என்றார். அவருக்கென்று இருந்தது அந்தத் தம்பி மட்டும்தான். ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடுமாம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

என் மனைவி இரண்டு டம்ளரில் பாலில்லாத காபி எடுத்து வந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, மற்றதோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்த அம்மாள் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அப்புறம்தான் அழுகை வெடித்தது.

"அழுங்கம்மா, நல்லா அழுங்க" என்று அவரைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வாசலில் மலை சுற்றிவிட்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இட்லி ரெடியா என்று ஒருவர் கேட்டார்.

"இன்னைக்குக் கடை இல்லீங்க. எங்க வூட்ல ஒரு சாவு" என்று சொல்லி ஷட்டரை இறக்கினேன்.