கங்காதரனின் தூக்கம்

செங்கல்பட்டு–மாமல்லபுரம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டிய கங்காதரன் குடித்ததே இல்லை. ஆனால் இரவெல்லாம் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். பகலில் ஸ்டியரிங்கிலேயே கண் சொக்கும். பல வருடம் அவரைத் தட்டி எழுப்பியவர் கண்டக்டர் வாசுதேவன். 1977இல் பஸ் ஒரு புளியமரத்தில் மோதியது. விசாரணையில் வாசுதேவன், "டிரைவர் குடிச்சிருந்தாரு" என்றார். கங்காதரனின் வேலை போயிற்று.

சென்னை ஆஸ்பத்திரியில்தான் நோய் பிடிபட்டது. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது என்றார் டாக்டர். ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்துப் பார்த்தார்கள்; மூடிய தொண்டையைத் தாண்டி அது இறங்கவில்லை. கடைசியில் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்த பிறகு அவர் அயர்ந்து தூங்கினார்.

ஊர் திரும்பியதும் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். குழாயை விரலால் மூடினால்தான் பேச்சு வரும். மூடிக்கொண்டு கேட்டார்: "நான் குடிச்சத நீ பாத்தியா வாசு?"

"இன்னா பண்றது அண்ணாத்த? தூங்குற ஆளுன்னு தெரிஞ்சும் ஏன் ஓட்ட வுட்டேன்னு என்னியதான கேட்டிருப்பாங்க?"

"அதுக்கு என்னிய குடிகாரன் ஆக்கிட்டியே."

வாசுதேவன் ஏதேதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். கங்காதரன் விரலை எடுத்துவிட்டு நடந்தார். அதன்பின் எந்த முதலாளியும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. செய்யூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் காவலுக்குத்தான் சேர முடிந்தது.